மூன்று அயிரையும் ஒரு நாய்க்குட்டியும்

தொட்டியில் மீன் இல்லை.

உத்தமன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்துப் பார்த்தான். மணல் இருந்தது, கூழாங்கல் இருந்தது, குமிழி விடுகிற மோட்டார்கூட ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. மனைவி மோகனப்பிரியாவின் மூன்று அயிரைகளைத்தான் காணோம். அவள் அப்பா தேனியிலிருந்து குழம்புக்கென்று உயிரோடு கொண்டுவந்த கூட்டத்தில், சட்டிக்குத் தப்பிய மகராசிகள் அவை.

ஆபீஸ் டிரெயினிங் என்று பிரியா பெங்களூர் போய் ஒரு வாரம் ஆகிறது. போகும்போதே படித்துப் படித்துச் சொன்னாள். "அயிரை மண்ணுக்குள்ளதான் ஒளிஞ்சிருக்கும். தேடாதீங்க, கிளறாதீங்க, தீனி மட்டும் போடுங்க. நான் வரும்போது மூணும் உயிரோட இருந்தா, நாய்க்குட்டி வாங்கலாம்."

நாய்க்குட்டி! கல்யாணமான நாளிலிருந்து அவன் நச்சரித்துவரும் நாய்க்குட்டி. டைகர் என்று பெயர்கூட வைத்துவிட்டான்.

ஆகவே தினமும் தீனி போட்டான். சாயங்காலமானால் போனில் அளந்தான். "என்னைப் பார்த்தாலே மூணும் துள்ளுது, பிரியா! நேத்து ஒண்ணு கையிலயே வந்து சாப்பிட்டுச்சு!"

"அப்படியா?" என்பாள். அந்தப் பக்கம் இருமல் கேட்கும்.

இன்று அவள் வருகிறாள். ஒருமுறையாவது கண்ணால் பார்த்துவிடுவோமே என்று கரண்டியால் மணலைக் கிளறினான். ஒரு வாரத் தீனி அப்படியே பொங்கி எழுந்தது. மீன் மட்டும் எழவில்லை. ஐயோ, டைகர்!

கலங்கிய தண்ணீரை இறைத்துவிட்டு, குடிக்க வைத்திருந்த கேன் தண்ணீரை முழுசாக ஊற்றினான். தண்ணீர் பளிங்காகிவிட்டது. மீன் இல்லை என்பது இன்னும் நன்றாகத் தெரிந்தது.

அடித்துப்பிடித்து ஆவடி மார்க்கெட்டுக்கு ஓடினான். மீன்காரம்மா தாயம்மாளின் அலுமினியச் சட்டியில் உயிர் அயிரை நெளிந்தது. கடவுள் இருக்கிறார்!

"மூணு குடுங்கம்மா."

"மூணு கிலோவா?"

"இல்லம்மா, மூணு மீன்."

தாயம்மாள் ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னா நைனா, காலங்காத்தால கலாய்க்கிறியா? எண்ணி விக்க இது இன்னா இட்லியா? கால் கிலோவுக்குக் கொறைஞ்சி தரமாட்டேன்."

பையோடு சேக்காட்டு வீட்டுக்குத் திரும்பி மாடியேறும்போது கீழ்வீட்டுக் கண்ணம்மா எதிர்ப்பட்டாள். "இன்னா அண்ணாத்தே, மீனெல்லாம் நல்லா கீதா?"

"சூப்பரா இருக்கு!"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள்.

கால் கிலோ அயிரை என்றால் எவ்வளவு என்பது தொட்டியில் கவிழ்த்த பிறகுதான் உத்தமனுக்குத் தெரிந்தது. ஆபீஸ் நேரத்து லோக்கல் ரயில் மாதிரி அடைத்துக்கொண்டது. மூன்றை விட்டுவிட்டு மற்றதை அள்ளப் பார்த்தான். அயிரை கையில் நிற்குமா? சிக்கியதையெல்லாம் குக்கரில் போட்டான், நிறைந்துவிட்டது. பால் பாத்திரமும் நிறைந்தது. மிச்சத்தைக் குழாய்த் தண்ணீரோடு காலிக் கேனுக்குள் விட்டான். தொட்டியில் அப்போதும் ஒரு பெருங்கூட்டம்.

அழைப்பு மணி அடித்தது. பிரியா!

"ஒரே தாகம்" என்று நேராகக் கேனிடம் போனாள். உள்ளேயிருந்து அயிரைகள் அவளைப் பார்த்தன.

"என்னங்க இது?"

"குட்டி போட்டுடுச்சு, பிரியா!"

குக்கரைத் திறந்தாள். "அப்ப இது?"

"அது... பேரக்குட்டி."

"சரி, நம்ம மூணும் எங்க?"

உத்தமன் தொட்டியைக் காட்டினான். நாய்க்குட்டி ஆசை யாரை விட்டது? "அதோ, ஓரமா நிக்குதே! அதுதான் தினமும் என் கையில சாப்பிடும்."

பிரியா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று அவன் அவசரமாகத் துண்டை எடுத்து நீட்டினான்.

அந்த நேரம் பார்த்து, ஒரு கண்ணாடி ஜாடியை அணைத்தபடி கண்ணம்மா உள்ளே வந்தாள்.

"இந்தாம்மா, உன் மூணு அயிரை. ஊருக்குப் போறச்ச எங்கூட்ல வுட்டுட்டுப் போனியே, சோக்கா கீது. அண்ணாத்தே தெனிக்கும் காலித் தொட்டிக்குத் தீனி போட்டாரு, நீ சொன்னாப்பலயே நான் மூச்சே வுடல!"