மாப்பிள்ளையின் முதல் தாரம்

திருப்பாதிரிப்புலியூர், கடலூர்,
ஆடி 28.

அன்பும் மரியாதையும் நிறைந்த சிதம்பரம் மச்சான் சபாபதி அவர்களுக்கு,

கடலூர் ராமாமிர்தம் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை பட்டம்மாளும் மகள் இளமதியும் நலம். அங்கே நீங்களும் என் தங்கச்சி மங்கலமும் உங்கள் பிள்ளை, எனக்கு மாப்பிள்ளையாகப் போகிற சிலம்பரசனும் நலமா என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன். உங்கள் கொல்லையில் நிற்கிறாளே மாப்பிள்ளையின் முதல் பெண்டாட்டி, அவள் நலத்தை நான் கேட்கப் போவதில்லை. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்பீர்கள். போனில் நான் குரலை உயர்த்தியதுமே "டவர் இல்ல மச்சான்" என்று வைத்துவிடுகிறீர்கள். சிதம்பரம் ஊர் நடுவில் வீடு வைத்திருப்பவருக்கு டவர் இல்லையாம். கடிதத்துக்கு டவர் வேண்டாம். ஸ்பீடு போஸ்டில் வருகிறது, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நடந்ததை எல்லாம் மறந்தவர் போல நடிக்கிறீர்கள், அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன். ஆனி மாதம் அண்ணாகிராமம் ஜோசியர் சிலம்பரசன் ஜாதகத்தைப் பார்த்துவிட்டு, பையனுக்கு இரண்டு தாரம், முதல் தாரம் நிலைக்காது, இரண்டாவதுதான் நிலைக்கும் என்றார். பரிகாரம் சுலபம், முதலில் ஒரு வாழைக்குத் தாலி கட்டி, கட்டின கையோடு மாப்பிள்ளையே அதை வெட்டிச் சாய்த்துவிட்டால் முதல் தாரம் கழிந்தது, அப்புறம் இளமதி கழுத்தில் கட்டினால் அவள் நூறு வயது இருப்பாள் என்றும் அவரே சொன்னார். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "இதெல்லாம் ஒரு வேலயா மச்சான், எங்க கொல்லயிலயே நாலு வாழ நிக்குது" என்றீர்கள். அப்படிச் சொன்ன வாயைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.

நல்ல நாள் பார்த்து வந்தோம். ஐயர் மந்திரம் சொன்னார். வீடியோக்காரர் வேறு. மாப்பிள்ளை பட்டு வேட்டியில் வெட்கப்பட்டுக்கொண்டே வாழைக்கு மஞ்சள் கயிற்றில் மூன்று முடிச்சுப் போட்டார். உங்கள் தோட்டத்தாள் ஆண்டி தீட்டி வைத்திருந்த அரிவாளை நீட்டினார். மாப்பிள்ளை வாங்கினார், ஓங்கினார், அப்புறம் கையை இறக்கிவிட்டார். என்ன மாப்பிள்ளை என்று நான் கேட்பதற்குள் தங்கச்சி மங்கலம் மரத்தை அண்ணாந்து பார்த்து, "ஐயையோ, கொல தள்ளுதுண்ணா! வாயும் வயிறுமா இருக்கிறவள வெட்டுனா அந்தப் பாவம் ஏழு தலமொறைக்கும் வுடாது" என்று நடுக்கொல்லையில் உட்கார்ந்துவிட்டாள். ஆண்டி அரிவாளைப் பிடுங்கிக்கொண்டு வேலி தாண்டிப் போனவர்தான், திரும்பி வரவில்லை. ஐயரோ, கட்டிவைப்பது வரைக்கும்தான் தன் வேலை, வெட்டுவது தன் இலாகா இல்லை என்றார். நீங்கள் "மொதல்ல சாப்புடுவோம்" என்றீர்கள். அன்றைக்கு நான் பந்தியில் உட்கார்ந்ததுதான் தப்பு. பாயசத்தை இரண்டு தரம் கேட்டு வாங்கிக் குடித்தவன் எந்த முகத்தோடு சண்டை போடுவான்?

பழம் வெட்டினதும் மரத்தைச் சாய்த்துவிடலாம் என்று சமாதானம் சொன்னீர்களே, நான் முப்பத்திரண்டு வருடம் வேளாண்மைத் துறையில் குப்பை கொட்டியவன். குலை தள்ளின வாழை முற்றுவதற்கு மூன்று மாதத்துக்குக் குறையாது. பழம் ஐப்பசியில், கல்யாணம் ஆவணி இருபத்தேழில். ஆக, முதல் பெண்டாட்டி பிள்ளைத்தாய்ச்சியாக நின்று பார்க்க, என் மகள் வலது காலை எடுத்து வைத்து உங்கள் வீட்டுக்குள் வரவேண்டும். அதையாவது வெளியே தெரியாமல் வைத்துக்கொண்டீர்களா? தங்கச்சி அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூட்டி வாழைக்கு வளைகாப்பு நடத்தி, அதை வாட்ஸப் ஸ்டேட்டஸிலும் போட்டிருக்கிறாள்! குலை தள்ளி மூன்று வாரத்தில் ஏது மச்சான் ஏழாம் மாதம்? மட்டைக்கு மட்டை கண்ணாடி வளையல், கீழே ஐந்து வகைச் சாதம், பக்கத்தில் கையில் சந்தனக் கிண்ணத்தோடு என் மாப்பிள்ளை. போதாக்குறைக்கு ஆடிக் காற்று அடிக்கிறதென்று ஆபீஸுக்கு அரை நாள் லீவு போட்டு அதற்கு மூங்கில் முட்டுக் கொடுத்தாராம். முகூர்த்தப் புடவை எடுக்க வாருங்கள் மாப்பிள்ளை என்று நான் கூப்பிட்டபோது அவருக்கு லீவு இல்லை.

இங்கே நான் தெருவில் தலைகாட்ட முடியவில்லை. எதிர்வீட்டு எழிலரசி பால் வாங்கும் இடத்தில் பத்துப் பேர் கேட்க, "ஏங்க, நம்ம இளமதிய ரெண்டாந்தாரமாவா குடுக்குறீங்க? மொதக் குடித்தனத்துல கொழந்த வேற வரப்போவுதாமே?" என்கிறாள். பத்திரிகை அடிக்க அந்தோணிசாமி அச்சகத்துக்குப் போனால் அவர் மாதிரிக்கு நீட்டின அட்டையில் முதல் வரியே 'வாழையடி வாழையாக'. நான் போட்ட சத்தத்தில் மெஷின்காரர் மெஷினை நிறுத்திவிட்டார். "எல்லா இந்துப் பத்திரிகையிலயும் இருக்கிறதுதான சார், நானா எழுதுனேன்?" என்று பாவம் அந்த மனிதர் கண் கலங்கிவிட்டார். பந்தல்காரர் வாசலில் கட்டக் குலைவாழை எத்தனை ஜோடி என்று கேட்டார். ஒன்றும் கட்டாதே, அதெல்லாம் அவளுடைய அக்கா தங்கச்சிகள் என்று அவரையும் துரத்திவிட்டேன்.

பொறுத்துப் பார்த்துவிட்டுப் போன வெள்ளிக்கிழமை நானே ஓர் அரிவாளைச் செய்தித்தாளில் சுற்றி, பைக்குள் வைத்துக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினேன். நான் சும்மா பார்த்துப் போக வந்ததாக நீங்கள் நினைத்தீர்கள். தங்கச்சி சூடாக வாழைப்பூ வடை வைத்தாள். நாலு தின்ற பிறகுதான், பூ எங்கேம்மா வாங்கினாய் என்று கேட்டேன். "வாங்குறதா? நம்ம மருமவ குடுத்ததுண்ணா" என்றாள். ஒரு மரத்தை மருமகள் என்று கூப்பிடுகிறவள் நாளைக்கு என் மகளை என்னவென்று கூப்பிடுவாள்? அரிவாள் பையில் இருந்தது, வடை வயிற்றில் இருந்தது, தின்ற வீட்டில் கை ஓங்க முடியாமல் திரும்பினேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து வழியனுப்பினீர்களே, அப்போதாவது சும்மா இருந்தீர்களா? "பக்கக் கன்னு மூணு வந்திருக்கு மச்சான், ஒண்ண உங்க வூட்டுக்குத் தரட்டுமா?" என்றீர்கள். மூத்த தாரத்துப் பிள்ளையை நான் வளர்க்க வேண்டுமாம்!

இதை எல்லாம் படித்து நீங்கள் சிரிப்பீர்கள், எனக்குத் தெரியும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருப்பது ஒரே பெண். ஜோசியர் சொன்னதை நம்புகிறாயா என்றால், பகலில் நம்புவதில்லை, விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தால் நம்புகிறேன். முதல் தாரம் நிலைக்காது என்றார். அந்த வாழை நிலைத்து நின்றுவிட்டால், நிலைக்காமல் போவது யார்? எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான். ஆகவே கடைசியாகச் சொல்கிறேன். இந்தக் கடிதம் கிடைத்த மூன்றாம் நாளுக்குள் மாப்பிள்ளை தன் கையால் அந்த மரத்தை வெட்டவேண்டும். இல்லாவிட்டால் பத்திரிகை அடிக்கமாட்டேன், மண்டபத்துக்கும் சொல்லிவிடுவேன். பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடு என்றும் பார்க்கமாட்டேன்.

தங்கச்சி மங்கலத்துக்கு என் ஆசி. மாப்பிள்ளைக்குப் பாதி ஆசி, மீதி மரம் சாய்ந்த பிறகு. உங்களுக்கு என் வணக்கம், அதுவும் வயதில் மூத்தவர் என்பதால் மட்டும். வாழையடி வாழையாக என்ற வாழ்த்தை இந்தக் கடிதத்தில் எதிர்பார்க்க வேண்டாம்.

இப்படிக்கு,
மிகுந்த கோபத்துடன்,
ராமாமிர்தம்.

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் பட்டம்மாள் கடிதத்தை எடுத்து இளமதியிடம் கொடுத்துவிட்டாள். அவள் முழுவதும் படித்தாள், ஓர் இடத்தில்கூடச் சிரிக்கவில்லை. "அப்பா, அன்னிக்கு எடுத்த வீடியோவ நான் நாலு வாட்டி பாத்தேன். தாலி கட்டுன கை அருவாள ஓங்கிட்டு, முடியாம எறங்குச்சு பாருங்க, அப்பதான் எனக்கு இந்தக் கல்யாணத்துல மனசு வந்துது. அதுவரைக்கும் நீங்க சொன்னீங்கன்னு தலய ஆட்டிக்கிட்டிருந்தேன். கட்டுன கையோட வெட்டிப்புட்டு வர்ற ஆள நம்பி நான் எப்பிடிப்பா கழுத்த நீட்டுறது?" என்றாள். ஒட்ட எடுத்த உறையை நான் கீழே வைத்தேன். பட்டம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஆகையால் மச்சான், மேலே எழுதியதை எல்லாம் படிக்க வேண்டாம். இவ்வளவு எழுதிவிட்டுக் கிழிக்க மனம் வராததால்தான் அனுப்புகிறேன். மரத்தை யாரும் தொடக்கூடாது, ஆண்டி திரும்பி வந்தால் அரிவாளோடு கொல்லைக்குள் விடாதீர்கள். இந்த நேரத்தில் அதற்குப் பொட்டாஷ் சத்து வேண்டும், ஞாயிற்றுக்கிழமை நானே வாங்கிக்கொண்டு வருகிறேன். பட்டம்மாள் வாழைக்குக் கட்ட ஒரு புதுப் புடவையும் எடுத்து வைத்திருக்கிறாள். என்ன இருந்தாலும் மூத்தவள்.