குழந்தைவேலுவின் நாளமில்லாச் சுரப்பி

இனிமேல் உயிரே போனாலும் குடம் தூக்குவதில்லை என்று குழந்தைவேலு முடிவெடுத்தார். மகா முடிவு! ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் தீவுகளுக்குப் போகும் கப்பல்களுக்கு டிக்கெட் கொடுக்கிற மனுஷர், வாழ்க்கையில் இதைவிடப் பெரிதாக எதையும் முடிவு செய்ததில்லை.

அவர் தெருக் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள், அதுவும் விடியுமுன் தண்ணீர் வரும். குடங்களை மாடிக்குக் கொண்டுபோவது அவர் பொறுப்பு. தூக்குவதா, தூங்குவதா என்று வந்தபோது அவர் தூக்கத்தின் பக்கம் நின்றார். செல்போனில் ஒரு டாக்டர் தைராய்டைப் பற்றிப் பேசியதை அரைகுறையாகக் கேட்டதும் வழியும் கிடைத்துவிட்டது.

மறுநாள் மேல்மாடி ரெங்கம்மா, "பானி ஆ கயா!" என்று கூவினாள். எந்த ஊர்க்காரர் குடியிருந்தாலும் அந்தத் தெருவில் தண்ணீர் இந்தியில்தான் வரும்.

"ஏங்க, எந்திரிங்க" என்றாள் மனைவி ருக்கு.

"முடியல ருக்கு. தைராய்டு சுரக்கல."

"என்னது?"

"கழுத்துல இருக்கிற நாளமில்லாச் சுரப்பி. அது சுரந்தாத்தான் உடம்பு ஓடும். இல்லேன்னா படுத்தே கிடக்கணும், ஃபுல் ஆராம்தான்."

"நாணமில்லாச் சுரப்பியா? அது உங்களுக்கு நல்லாத்தானே சுரக்குது!"

"சிரிக்காதே. மூளைக்கு அடியில பட்டாணி அளவுல பிட்யூட்டரின்னு ஒண்ணு இருக்கு. அதுதான் தைராய்டுக்கு ஆர்டர் போடும். தைராய்டு படுத்துட்டா அது இன்னும் சத்தமா ஆர்டர் போடும்."

"உள்ளேயே ஒண்ணு கத்தியும் எந்திரிக்கலையா? அப்ப நான் கத்தி என்ன பிரயோஜனம்!"

குடத்தோடு படி இறங்கினாள். போர்வைக்குள் சிரித்துக்கொண்டார் வெட்கங்கெட்டவர்.

அசல் நோயாளி நாளெல்லாம் சோர்ந்து கிடப்பான். இவருடைய சுரப்பியோ தண்ணீர் வரும் நேரத்தில் மட்டும் வேலைநிறுத்தம் செய்தது. குழாய் நின்றதும் பொரித்த சூரை மீனோடு பழையதை ஒரு பிடி பிடிப்பார். ரத்தம் எடுத்துப் பார்க்கலாமா என்று ருக்கு கேட்டபோது ஊசிக்குப் பயந்து, "என் உடம்பு எனக்குத் தெரியாதா?" என்றார். சொன்ன பொய்யைக் காப்பாற்றவும் கொஞ்சம் தைரியம் வேண்டும். அதுவும் அவரிடம் இல்லை.

ஒருநாள் ஃபெர்ரியில் அக்கரையிலுள்ள பாம்பூஃப்ளாட் போய்வந்த ருக்கு ஒரு டப்பாவை நீட்டினாள்.

"தைராய்டு மாத்திரை. விடியக்காலம் வெறும் வயித்துல போடணும். ஒரு மணி நேரம் காப்பி கிடையாது. படுக்கவும் கூடாது. படி ஏறி இறங்கணும்."

"படி எதுக்கு?"

"சுரக்கிறதுக்கு. கையில வெயிட் இருந்தா சீக்கிரம் சுரக்குமாம்."

மாட்டேன் என்றால் குட்டு உடைந்துவிடும். விழுங்கினார். லேசாக இனித்தது. மருந்து எங்கேயாவது இனிக்குமா என்று யோசிக்கும் புத்தி இருந்தால் அவர் ஏன் இப்படி மாட்டுகிறார்? இரண்டு கையிலும் குடம் ஏறியது. தண்ணீர் வராத நாளிலும் ருக்கு விடவில்லை. நிறைகுடத்தோடு ஏற்றி இறக்கினாள். நோய்க்கு ஏது லீவு?

கடைசியில் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ருக்கு, எனக்குத் தைராய்டும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. பொய் சொன்னேன். மாத்திரையை நிறுத்து!"

"தெரியும். அது சீரக மிட்டாய்ங்க."

அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் படி ஏறும் தண்டனை தீர்ந்ததே என்று மனுஷர் பெருமூச்சு விட்டார். ருக்கு மேலே அண்ணாந்து குரல் கொடுத்தாள்.

"ரெங்கம்மாக்கா! முட்டி வலியோட நீங்க இறங்காதீங்க. இவருக்கு உடம்புல ஒரு கோளாறும் இல்லையாம், உங்க குடத்தையும் இனிமே இவரே கொண்டாந்துருவாரு!"