மால்பெக்கும் நான் காயப்போட்ட தோலும்

போடிமெட்டுக்கு மேலே, ஏலச்செடிக்கு நடுவில் நின்று மண்ணை எடுத்து நாக்கில் வைத்து, "ஒயினுக்குன்னே படைச்ச மண்ணு" என்று சொன்ன மனுசன் உலகத்திலேயே ஒருவர்தான். அவருடைய சொந்தப் பெயர் வீட்டுக்காரிக்கே மறந்துபோயிருக்கும். எங்கள் எஸ்டேட்டில் அவர் மால்பெக்கு.

நாசிக் பக்கம் ஒயின் கம்பெனியில் வருடக்கணக்காகப் பீப்பாய் கழுவியவர். ஊர் திரும்பும்போது ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தது திராட்சைக் குச்சிகள். மால்பெக் என்பது அந்தத் திராட்சையின் பெயராம். பிரான்சு நாட்டில் பிறந்ததாம். அங்கே குளிர் ஒத்துக்கொள்ளாமல், அர்ஜென்டினா மலையடிவாரத்துக்குப் போய்த்தான் சதை போட்டதாம். கட்டிக்கொடுத்த மகளைப் பற்றிப் பேசுவதுபோலச் சொல்வார்.

"அங்கயும் மலை, இங்கயும் மலை. பொழைக்காதா மதினி?"

"இங்க மழை கொட்டுமே, கொழுந்தனாரே."

கொட்டத்தான் செய்தது. முதலாளி ஒதுக்கிக் கொடுத்த மூலையில் நட்ட கொடிக்குக் குடை பிடித்துக்கொண்டு அவர் நனைந்தார். ஏழைபாழையும் கறிச்சோற்றோடு ஒரு கிளாஸ் நல்ல ஒயின் குடிக்க வேண்டும், ஒரு பாட்டில் ஒரு கிலோ கறி விலையைத் தாண்டக்கூடாது. அதுதான் அவர் கனவு.

முதலாளி நாலு வருடம் பொறுத்தார். "இந்தத் தடவ ஒயினு நல்லா வந்தா கொடி இருக்கட்டும். இல்லேன்னா பிடுங்கிட்டு ஏலச்செடி வையும்" என்று சொல்லிவிட்டார்.

காய்த்த பழத்தையெல்லாம் நசுக்கி நீல டிரம்மில் போட்டுவிட்டு, மால்பெக்கு பாட்டில் வாங்க மதுரைக்குக் கிளம்பினார்.

"மெதக்குற தோல தெனம் ரெண்டு தடவ கட்டையால அமுக்கி விடுங்க மதினி. வேற சோலி பாத்துறாதீங்க."

நான் முப்பது வருடம் ஸ்டோரில் ஏலக்காய் உலர்த்தியவள். என் கையில் காய்ந்த காய் பச்சை மாறாது. அப்பேர்ப்பட்டவள் கண்முன்னால் ஒரு பண்டம் ஈரத்தில் மிதந்து நுரை தள்ளினால் சும்மா இருப்பேனா? தோலையெல்லாம் அரித்தெடுத்து, ஏலக்காய்த் தட்டில் பரப்பி, அடுப்பைப் போட்டுவிட்டேன்.

வந்தவர் டிரம்முக்குள் தலையை விட்டார்.

"தோலு எங்க மதினி?"

"மொறுமொறுன்னு காய வச்சிருக்கேன். ஒரு பூஞ்சை கெடையாது."

"ஐயோ! ஒயினு செவப்பாகுறதே தோலு சாத்துல ஊறுறதுனாலதான்!"

"அப்ப நெறம் பத்திரமா இருக்கு. எடுத்துக்கிருங்க."

அவர் டிரம்மைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஒயின் தயாரானதும் முதலாளி ஸ்டோருக்கு வந்து கிளாசைத் தூக்கிப் பார்த்தார். "என்னய்யா, ரோஸ்மில்க் கழுவுன தண்ணியாட்டம் இருக்கு?"

மால்பெக்கு என் பக்கம் திரும்பவே இல்லை. "என் கைப்பிசகுங்கய்யா."

"அப்பப் பிடுங்கிரும்."

"சரிங்கய்யா" என்று மண்வெட்டி எடுக்கப் போய்விட்டார்.

தப்பு என்னுடையது என்று அதுவரை என் ஆயுசில் நான் யாரிடமும் சொன்னதில்லை. என் வீட்டுக்காரர் அந்த வார்த்தையைக் கேட்காமலேயே போய்ச் சேர்ந்தார். அன்றைக்கு முதலாளியை மறித்து நின்றேன்.

"அவரு மேல தப்பில்லய்யா. தோலக் காயப்போட்டது நான்."

முதலாளி சிரித்த சிரிப்பில் ஸ்டோரின் தகரக் கூரை அதிர்ந்தது. "சரி, இன்னொரு வருசம் இருக்கட்டும். ஆனா இந்தம்மா டிரம்மு பக்கம் வரப்படாது."

வெளியே மால்பெக்கு மண்வெட்டியோடு நின்றிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"எதுக்கு மதினி சொன்னீங்க? எஸ்டேட்டுல உங்க பேரு என்னத்துக்காகும்?"

என் பேருக்காக என்னைவிட அதிகமாகக் கவலைப்பட்ட ஒரு மனுசனை அன்றைக்குத்தான் பார்த்தேன்.