சம்பந்தியாரை ஜெயித்துத் தொலைத்த விவரம்

செம்பருத்தி மூத்தோர் குடியிருப்பு,
கொட்டாரம்.
வெள்ளிக்கிழமை.

கிறிஸ்துவுக்குள் பிரியத்துக்கும் மரியாதைக்கும் உரிய மருமகன் ஜெப்சன் அவர்களுக்கு, மாமனார் ஞானாபரணம் எழுதிக்கொள்வது. கர்த்தருடைய தயவால் எனக்குச் சர்க்கரை அளவோடு இருக்கிறது. உங்கள் மாமி நேசம்மாளுக்கு முட்டுவலி தவிர வேறொன்றும் இல்லை. மஸ்கட்டில் நீங்களும் மகள் பெமிலாவும் சுகமாயிருக்க இருவரும் தினமும் ஜெபிக்கிறோம். இனி எழுதப்போவது சுகமான சங்கதி அல்ல, ஆகவே உட்கார்ந்துகொண்டு வாசிக்கவும்.

வாட்ஸப்பில் அனுப்பாததற்குக் காரணம், உங்கள் போனை பெமிலா எடுத்துப் பார்ப்பாள். அவள் மனது கலங்கக் கூடாது. நாளை மஸ்கட்டுக்கு விமானம் ஏறும் நம் ஊர்க்காரப் பையன் சுயம்புராஜ் கையில், ஏத்தங்காய் சிப்ஸோடு சேர்த்து இந்தக் கடிதத்தையும் கொடுத்துவிடுகிறேன்.

உங்கள் தகப்பனார் ரசலையன் அவர்களையும் எங்களையும் நீங்கள் இங்கே கொண்டுவந்து விட்டுப் போனபோது, ஒருவருக்கொருவர் துணையாக இருப்பீர்கள் என்று சொன்னீர்கள். அதுவரை நானும் சம்பந்தியாரும் விசேஷ வீடுகளில் பார்த்து, சாப்பிட்டாச்சா என்று கேட்டதோடு சரி. வந்த புதிதில் இங்கேயும் அப்படித்தான், அவர் ஒரு மேசை, நாங்கள் ஒரு மேசை, சாப்பிட்டாச்சா, சாப்பிட்டாச்சு, அவ்வளவுதான் பேச்சு. அப்போதுதான் இங்கே முதியவர்களை ஆட்டுவிப்பதற்கென்றே சம்பளம் வாங்கும் நந்தனா என்ற பெண் பிக்கிள்பால் என்று ஒரு விளையாட்டைக் கொண்டுவந்தாள். ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்தைப் பலகை மட்டையால் வலைக்கு மேலே தட்ட வேண்டும். வலைக்குப் பக்கத்தில் ஒரு கோடு உண்டு, அதற்குள் காலை வைத்துக்கொண்டு, தரையில் படாத பந்தை அடித்தால் புள்ளி எதிராளிக்குப் போய்விடும். அந்த இடத்துக்குக் கிச்சன் என்று பெயர். கல்யாணம் ஆன நாள் முதல் அடுக்களையை எட்டிப் பார்க்காத மனுசன் இப்போது கிச்சனை விட்டு வெளியே வருவதில்லை என்று உங்கள் மாமி எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தாள். அவளுக்கு என்ன தெரியும், நான் வேண்டுமென்றே அல்லவா காலை வைத்தேன்.

பின்னே என்ன செய்ய, மாப்பிள்ளை? பெண் கொடுத்தவன் நான். கல்யாணப் பந்தியில் உங்கள் வீட்டார் கை கழுவி எழுந்த பிறகுதான் நான் இலைக்கு முன்னால் உட்கார்ந்தேன். அப்படிப்பட்டவன் சம்பந்தியாரை மட்டையும் கையுமாக நின்று ஜெயிக்கலாமா? அதனால் தினமும் சாயங்காலம் தோற்றேன். தோற்பது லேசுப்பட்ட வேலை என்று நினைத்துவிடாதீர்கள். ஓடுகிறவன் போல ஓட வேண்டும், ஒரு அடி பிந்திச் சேர வேண்டும், அய்யோ என்று வருத்தப்பட வேண்டும், நடுவில் நாலு புள்ளி எடுக்கவும் வேண்டும், இல்லையென்றால் சந்தேகம் வந்துவிடும். ஜெயித்த சந்தோஷத்தில்தான் மனிதர் வாய் திறப்பார். கட்டன்சாயா குடித்துக்கொண்டே, நான் எந்தப் பந்தை எப்படி அடித்திருக்க வேண்டும் என்று விளக்குவார், அப்படியே பேச்சு வளர்ந்து, காலஞ்சென்ற உங்கள் அம்மா வைக்கும் மீன்குழம்பு, அவர்கள் கோபித்துக்கொண்டால் பேசாமல் இருக்கும் அழகு என்று போய், சில நாள் கண் கலங்கி எழுந்து போவார். மறுநாள் அவரே வந்து, "சம்மந்தி, வாறீரா?" என்று கூப்பிடுவார். அந்த அழைப்புக்காக நான் காலையிலிருந்து காத்திருப்பேன் என்பதை உங்களிடம் சொல்ல வெட்கமில்லை.

போன சனிக்கிழமை இங்கே ஆண்டுவிழா. அத்தனை பேரும் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுச் சுற்றி உட்கார்ந்திருக்க, எங்கள் ஆட்டம் முதலாவது. வழக்கம்போல் அழகாகத் தோற்றுக்கொண்டு வந்தேன். அப்போது ஹெட் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்ற நாகம்மை, பக்கத்து நாற்காலிக்குச் சொல்வதுபோல் ஊருக்கே கேட்கும்படி சொன்னார்: "பாவம், ஞானாபரணம் சாருக்கு தோக்கதுக்கு மட்டுந்தான் தெரியும்." எல்லாரும் சிரித்தார்கள். அதிலும் உங்கள் மாமி சிரித்த சிரிப்பு இருக்கிறதே! எனக்கு எங்கிருந்து அந்த ரோஷம் வந்தது என்று தெரியவில்லை, வந்த பந்தை ஓங்கி அடித்துவிட்டேன். சரி, ஒன்றுதானே என்றால், அதற்கப்புறம் கை நிற்கவில்லை. அவர் இடது பக்கம் ஓடினால் வலது பக்கம், பின்னால் போனால் வலையோரம், கடைசிப் பந்து அவர் சட்டைப்பையில் இருந்த கண்ணாடிக்கூட்டில் பட்டுத் தெறித்தது. எல்லாரும் எழுந்து கை தட்டினார்கள். உண்மையை மறைக்கமாட்டேன், மாப்பிள்ளை, அடிக்கும்போது ருசியாகத்தான் இருந்தது.

சம்பந்தியார் கை குலுக்கினார், நேரே அறைக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து மைதானத்துப் பக்கம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற வேனில் எனக்குப் பக்கத்து இடம் காலியாக இருந்தும் கடைசி இருக்கையில் போய் உட்கார்ந்தார். மாமி கொடுத்தனுப்பிய மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் திறக்காமலே திரும்பி வந்தன. இதைவிடப் பயம் என்னவென்றால், தினமும் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்து நாகர்கோவில் பக்கம் போகிறார், இருட்டின பிறகு வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வருகிறார். வேறே இடம் பார்த்துவிட்டார், சாமான்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோய் வைக்கிறார் என்பது என் கணிப்பு. நந்தனாவிடம் கேட்டால் தனக்கு ஒன்றும் தெரியாது என்கிறாள், சொல்லும்போது அவள் முகம் சரியில்லை. நேற்று பெமிலா போனில் பிறகு பேசுகிறேன் என்று பாதியில் வைத்துவிட்டாள். சம்பந்தியார் உங்களிடம் சொல்லி, நீங்கள் அவளிடம் முகம் கொடுக்காமல் இருக்கிறீர்களோ என்று ராத்திரி எனக்கு உறக்கம் இல்லை. உங்கள் மாமியோ, "அவியள மட்டையாலயா அடிச்சியோ, பந்தத்தானே அடிச்சியோ. போயி பேசுங்க," என்கிறாள். போய்ப் பேசத்தான் எனக்குத் தைரியம் இல்லையே!

ஆகையால் மருமகன் அவர்கள் தயவுசெய்து உங்கள் தகப்பனாருக்குப் போன் போட்டு, மாமனாருக்கு அன்று ஏதோ புத்தி பேதலித்துவிட்டது, இனி இந்த ஜென்மத்தில் ஜெயிக்கமாட்டார் என்று நான் வாக்குக் கொடுத்ததாகச் சொல்லவும். நாகம்மை உட்படக் கூட்டம் கூட்டி, எல்லார் முன்னாலும் தோற்கத் தயார். அவர் இங்கிருந்து போகாமல் இருந்தால் போதும். இங்கே ஆளுக்குப் பஞ்சமில்லை, ஆனால் அவர் போய்விட்டால் சாயங்காலம் எனக்கு யாருமில்லை. இதில் பெமிலாவின் குற்றம் ஒன்றும் இல்லை, அவளுக்கு இந்த விளையாட்டின் பெயர்கூடச் சரியாகத் தெரியாது.

உங்கள் வேலையையும் வீட்டையும் கர்த்தர் கண்ணுக்குள் வைத்துக் காப்பாராக. மாமியின் ஆசீர்வாதமும் கூட.

இப்படிக்கு,
நிம்மதியற்ற மாமனார்,
ஞானாபரணம்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போன நேரத்தில் சம்பந்தியார் கதவைத் தட்டினார். கையில் அதே பை. பைக்குள் மட்டை. நாகர்கோவிலில் ஒரு பயிற்சியாளரிடம் போய் இத்தனை நாளும் படித்துக்கொண்டு வந்திருக்கிறார், நந்தனாதான் ஏற்பாடு. உள்ளேகூட வராமல் நின்றபடியே கேட்டார்: "ஓய் சம்மந்தி, இவ்வளவு நாளும் விட்டுத் தந்தாக்கும் வெளையாடினீரு, இல்லியா? ஜெயிச்சேன் ஜெயிச்சேன்னு நான் மஸ்கட்டு வரைக்கும் போன் போட்டுச் சொன்னேனே. இனி ஒரு பாயிண்டு விட்டுத் தந்தீர்னா உமக்க மொகத்துல முழிக்கமாட்டேன்." உடனே இறங்கிப் போய் விளையாடினோம். மாப்பிள்ளை, சத்தியமாக ஒரு பந்துகூட விட்டுக் கொடுக்கவில்லை. உயிரைக் கொடுத்து ஓடினேன், இருந்தும் தோற்றுப்போனேன். மனிதர் அப்படி அடிக்கிறார். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், மட்டையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "மறுபடியும் விட்டுத் தந்தீரு," என்று சொல்லிவிட்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் கதவுக்கு வெளியே நின்று சொன்னதையெல்லாம் அவர் நம்பவில்லை.

ஆகவே மேலே எழுதிய எதையும் அவரிடம் சொல்ல வேண்டாம். நான் தோற்கும் விதத்தைப் பற்றி மூச்சே விட வேண்டாம். மாமனாருக்கு ஆட்டம் தெரியாது, உள்ளபடியே தோற்றுப்போனார் என்று மட்டும் உடனே போன் போட்டுச் சொல்லவும். நீங்கள் மகன், சொன்னால் நம்புவார்.