சதவீதசாமி

திருவண்ணாமலையில் சாமிகளுக்குப் பஞ்சமே கிடையாது. காவி கட்டிய சாமி, கோவணம் மட்டும் கட்டிய சாமி, பேசாத சாமி, பேச ஆரம்பித்தால் நிறுத்தாத சாமி, கடல் கடந்து வந்து இட்லிக்கு இன்னும் கொஞ்சம் சட்னி கேட்கும் அளவுக்குத் தமிழ் கற்றுக்கொண்ட வெள்ளைக்காரச் சாமி என்று கிரிவலப் பாதையை ஒரு சுற்றுச் சுற்றினால் எல்லா ரகத்தையும் பார்த்துவிடலாம். ஆனால் இந்தக் கூட்டத்தில் சேராத சாமி ஒருவர் உண்டு. அவருக்குத் தாடி இல்லை, கமண்டலம் இல்லை. காலர் வைத்த டீ-சர்ட், அவர் எத்தனை அடி நடந்தார் என்று அவருக்கே சொல்லிக் கொடுக்கும் கைக்கடிகாரம், கக்கத்தில் ஒரு டேப்லெட். இவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் சதவீதசாமி. நீங்கள் எந்த ஊராக இருந்தாலும் சரி, இவரை அவசியம் பார்த்திருப்பீர்கள்.

இவரை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். குழந்தை என்ற சொல் இவர் வாயில் வராது. பயனாளி என்பார். பயனாளியின் அம்மாவுக்கு, தகவல் தருகிறவள் என்பதால், இன்ஃபார்மன்ட் என்று பெயர். பயனாளி வீறிட்டு அழுதால் அது ஃபீட்பேக். வீட்டில் மனைவி, "குழம்பு எப்படி இருக்குது?" என்று ஆசையாகக் கேட்டால், "போன வாரத்தைவிட முன்னேற்றம் தெரியுது" என்று பதில் சொல்லிவிட்டு, அந்த அம்மாள் ஏன் கரண்டியைத் தொப்பென்று வைத்தாள் என்று புரியாமல் விழிப்பார். எதைப் பற்றிப் பேசினாலும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்பார். "கட்டாயமாக்கிடணும் சார், வேற வழியே இல்ல." ஹெல்மெட், குப்பை பிரிப்பது, காலையில் சீக்கிரம் எழுந்திருப்பது என எல்லாவற்றுக்கும் இதே மருந்து. குழந்தைகளுக்கான தடுப்பூசி என்றால் கேட்கவே வேண்டாம், மனிதருக்குச் சாமியே வந்துவிடும்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னோடு சண்டைக்கு வராதீர்கள். தடுப்பூசி வேண்டும். எல்லாக் குழந்தைக்கும் வேண்டும், காலத்தில் வேண்டும். அதில் எனக்கும் சதவீதசாமிக்கும் சண்டையே இல்லை. அந்த ஊசி ஒரு குழந்தையின் உடம்பில் இறங்க வேண்டும் என்கிற சில்லறை விஷயத்தை அவர் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை, அவ்வளவுதான்.

நம்பிக்கை இல்லையா? அடி அண்ணாமலைப் பக்கம் வீடு கட்டிக் குடியேறியிருக்கும் சரவணகுமாரின் கதையைக் கேளுங்கள். பெங்களூரில் ஏதோ கம்பெனியில் உட்கார்ந்து, யாரோ எங்கேயோ வாங்கும் சாமான்களைத் திரையில் எண்ணிக்கொண்டிருந்தவர். ஐம்பது வயதில் அலுத்துப்போய், மலையடிவாரத்தில் அமைதி தேடி வந்தார். அமைதி ஒரு மாதத்தில் தீர்ந்துவிட்டது. உடனே ஒரு மன்றம் தொடங்கினார், தானே தலைவரானார், சுற்றியுள்ள சில கிராமங்களில் தடுப்பூசி வேலையைச் சீர்படுத்தித் தருவதாகச் சுகாதாரத் துறைப் பெரிய மனிதர்களிடம் படம் போட்டுக் காட்டினார். படத்தில் வண்ண வண்ணமாக வட்டங்கள் இருந்தன. பார்த்தவர்கள் தலையாட்டிவிட்டார்கள்.

இந்தப் பக்கத்தில் புதன்கிழமை என்றால் பிள்ளைகளுக்கு ஊசி போடும் நாள் என்று தாய்மாருக்கு மனப்பாடம். சரவணகுமார் முதல் வேலையாக அந்தப் புதன்கிழமைகளை நிறுத்தினார். வாரா வாரம் எதற்கு இந்தச் சிதறல்? ஒரே நாள், ஒரே இடம், ஒரே மூச்சில் நூறு சதவீதம். எந்த நாள்? அங்கேதான் மனிதருடைய மூளையைப் பார்க்க வேண்டும். "வருஷம் பூரா டேட்டா பார்த்துட்டேன். அடி அண்ணாமலைல ஜனங்க ஜாஸ்தியா இருக்கிறது பவுர்ணமி அன்னிக்குத்தான்" என்றார். கிரிவலம் வரும் லட்சம் கால்களில் உள்ளூர்க் கால்கள் எத்தனை என்று திரையில் தெரியவில்லை போலிருக்கிறது. "வராதவர்கள் மீது நடவடிக்கை" என்று ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக் கத்திக்கொண்டு போனார்கள்.

பந்தல் போட வந்தவர் டவுனில் ஷாமியானா கடை வைத்திருக்கும் நசீர் அகமது. கால் ஊன்றி, துணி கட்டி, பெஞ்சுகளை வரிசையாகப் போட்டுவிட்டு ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்.

"அடுப்பு எந்தப் பக்கம் சார் வெக்கிறீங்க?"

"அடுப்பா? இது தடுப்பூசி முகாம்ங்க."

"அப்படியா? பவுர்ணமில பந்தல்னு சொன்னீங்களா, நான் அன்னதானம்னு நெனச்சுக்கினேன்" என்று சொல்லிவிட்டு அவர் வண்டியில் ஏறினார். சரவணகுமாருக்கு அந்தப் பதிலில் யோசிக்க ஒன்றும் இருப்பதாகப் படவில்லை.

பந்தலின் வாசலில் கேமரா வைத்த ஒரு வளைவு. அதுதான் அவருடைய பெருமை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு யார் நுழைந்தாலும் கேமரா ஒரு பயனாளி என்று எண்ணிக்கொள்ளும். உள்ளூர்த் தாய்மார் கொண்டுவரும் தடுப்பூசி அட்டையை வாசலில் காட்டினால், பட்டியலில் அந்தக் குழந்தைக்கு நேரே ஊசி போட்டாச்சு என்று பச்சை விழும். ஊசி போட்ட பிறகுதானே பச்சை விழ வேண்டும் என்று யாரோ இழுத்தார்கள். "உள்ள வந்தவங்க ஊசி போடாம போவாங்களா? லாஜிக் வேணாமா?" என்று சிரித்தார்.

பவுர்ணமி அன்று மாலை. கிரிவலப் பாதையில் பந்தலும் வரிசையும் இருந்தால் அங்கே பசியோடு வந்து நிற்பது என்பது இந்த ஊருக்கு வருகிறவர்களுக்குக் கால்களிலேயே ஊறிப்போன பழக்கம். போர்டை யார் படிக்கிறார்கள்? முன்னால் நிற்பவரின் முதுகைத்தான் படிக்கிறார்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக வளைவுக்குள் நுழைந்தார்கள். ஒருவர் எங்கிருந்தோ ஒரு தொன்னையை வேறு கையோடு கொண்டுவந்திருந்தார்.

"பொங்கலா, புளிசாதமாம்மா?" என்று நர்ஸைக் கேட்டாள் வெளியூர்ப் பெண் ஒருத்தி.

"ஊசிம்மா."

"ஊசிக்கு அப்புறம்தான் சாப்பாடா?"

விஷயம் புரிந்ததும் எல்லோரும் பிள்ளையை அணைத்துக்கொண்டு பின்பக்கமாக நழுவினார்கள். ஊசி போட்டுவிட்டுக் காய்ச்சல் பிள்ளையைச் சுமந்துகொண்டு மீதி மலையை யார் சுற்றுவது? நழுவியது கேமராவுக்குத் தெரியாது. அது வாசலை மட்டும் பார்த்துக்கொண்டு, வயிறு காய்ந்து வந்த அத்தனை பேரையும் பயனாளிகளாக்கிக்கொண்டிருந்தது. சரவணகுமாரும் பந்தலைப் பார்க்கவில்லை. பந்தலுக்குள்ளேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து டேப்லெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருட்டுவதற்குள் அதில் சதவீதம் நூறைத் தாண்டி நூற்று நான்கில் போய் நின்றது. இலக்கு முடிந்தது என்று மணி அடித்தது. மருந்துப் பெட்டியை மூடி அனுப்பிவிட்டு, வளைவுக்கு அடியில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

அப்போது தொன்னைக்காரருக்குப் பின்னால் நின்றிருந்தவள் தமிழ்செல்வி. பாதையோரத்தில் சுண்டல் விற்கிற உள்ளூர்ப் பெண். பவுர்ணமிதான் அவளுக்கு வியாபாரம். அதையும் நாத்தனார் தலையில் கட்டிவிட்டு, பத்து மாதப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். பக்கத்துத் தெருவில் இரண்டு பிள்ளைகளுக்குத் தட்டம்மை கண்டிருந்தது. ஒன்பது மாதத்தில் போட்டிருக்க வேண்டிய ஊசி, புதன்கிழமைகள் நின்றுபோனதால் தள்ளிப்போயிருந்தது. வாசலில் அட்டையைக் காட்டினாள், பச்சை விழுந்தது. மேசையை நெருங்கியபோது மேசை மட்டும்தான் இருந்தது. வீடு திரும்புவதற்குள் செல்போனில் செய்தி வந்துவிட்டது: "வாழ்த்துகள். உங்கள் குழந்தைக்குத் தடுப்பூசி செலுத்தப்பட்டது."

மறுநாள் நர்ஸிடம் ஓடினாள். போட்டாச்சு என்று காட்டுகிறதே, மறுபடி மருந்து எடுக்கச் சிஸ்டம் விடாது, மேலதிகாரிகளிடம் சொல்லியிருக்கிறேன், முகாம் முடிந்ததால் வரும் புதன்கிழமை ஊசி மறுபடி தொடங்குகிறது, அன்றைக்கு எப்படியும் பார்க்கலாம் என்றாள் நர்ஸ். அதுவரை பொறுக்க மனசு கேட்காமல் தமிழ்செல்வி நேரே சதவீதசாமியின் வீட்டுக்கே போய்விட்டாள்.

"சார், எம் பொண்ணுக்கு ஊசி போடவே இல்ல. போட்டாச்சுன்னு மெசேஜ் வந்துக்குது."

"வாழ்த்துகள்னு வந்துச்சா?"

"ஆமா சார்."

"அப்ப போட்டாச்சும்மா."

"எங் கையிலதான சார் இருந்தா, எனக்குத் தெரியாதா? வரிசைல நிக்கிறப்பவே பொட்டிய மூடிக்கினு போயிட்டாங்க."

"உள்ள வந்தீங்களா இல்லையா, அதைச் சொல்லுங்க."

"வந்தேன்."

"உங்க ஊரு நூத்தி நாலு சதவீதம்மா. நூறுக்கு மேல நாலு ஜாஸ்தி. உங்க பொண்ணு விட்டுப்போறதுக்கு அதுல இடமே இல்ல."

"இதோ இருக்கிறா பாருங்க சார். பக்கத்துத் தெருவுல ரெண்டு புள்ளைங்களுக்கு அம்மை போட்டுக்குது. பயமா இருக்குது. நர்ஸம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

"பயப்படக் கூடாதும்மா. டேட்டாவ நம்பணும்."

குழந்தை அவருடைய டேப்லெட்டைப் பிடிக்கக் கை நீட்டியது. அவர் டேப்லெட்டை நகர்த்திக்கொண்டார். இவ்வளவு கிட்டத்தில் ஒரு பயனாளி அவருக்கு வாய்த்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

புதன்கிழமை வருவதற்கு முன்னால் காய்ச்சல் வந்துவிட்டது. கண் சிவந்து, முகமெல்லாம் தடித்து, சளி நெஞ்சில் இறங்கி, மூச்சுக்குக் குழாய் வைக்கிற அளவுக்குப் போயிற்று. தமிழ்செல்வி ஆஸ்பத்திரித் தரையிலேயே கிடந்தாள். பிழைக்குமா என்று கேட்கவே பயந்துகொண்டு கிடந்தாள். நல்லவேளை, குழந்தை பிழைத்தது. எலும்பும் தோலுமாக, இரவெல்லாம் இழுக்கும் மூச்சோடு வீட்டுக்கு வந்தது.

சதவீதசாமி கலங்கினாரா? ஆராய்ந்தார். ஊர் வாட்ஸ்அப் குழுவில் விளக்கமும் போட்டார்: ஊசி போட்ட சில பயனாளிகளுக்கும் அம்மை வரலாம், இது தடுப்பூசியின் தோல்வி, எதிர்பார்த்த அளவுக்குள்தான் இருக்கிறது, பதற்றம் வேண்டாம். அவ்வளவுதான், ஊர் பற்றிக்கொண்டது. "ஊசி போட்ட புள்ளைக்கே வந்துடுச்சாம், அப்புறம் இன்னாத்துக்கு ஊசி?" என்று குழாயடியில் பேச்சு. "எம் பொண்ணுக்குப் போடவே இல்லடி" என்று தமிழ்செல்வி தொண்டை வறளச் சொல்லிப் பார்த்தாள். "பொய் சொல்லாத, உனக்கு வாழ்த்துகள்னு மெசேஜ் வந்துச்சே" என்றார்கள். முன்பெல்லாம் புதன்கிழமை தவறாமல் வந்த தாய்மார், மறுபடி தொடங்கிய புதன்கிழமை கதவைச் சாத்திக்கொண்டார்கள். எந்த வதந்திக்காரனாலும் முடியாத காரியத்தை ஊசியின் பரம பக்தர் தனி ஆளாகச் சாதித்துவிட்டார்.

வராத தாய்மாரின் எண்ணிக்கையைத் திரையில் பார்த்துவிட்டு அவர் என்ன சொன்னார் என்று நான் சொல்ல வேண்டுமா? "ஜனங்களுக்கு அறிவு கம்மி சார். கட்டாயமாக்கிடணும், வேற வழியே இல்ல."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நல்லதுதான். நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, நெஞ்சில் ஈரம் உள்ளவர், குழந்தைக்கு மூச்சு இழுத்தபோது உச்சுக் கொட்டியவர். ஆனால் ஒரு சின்ன விசாரணை. சரவணகுமாரின் பெயர் தெரியும், நசீர் அகமதுவின் கடை தெரியும், ஊர் எத்தனை சதவீதம் என்றால் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வீர்கள். செத்துப் பிழைத்த அந்தப் பெண் குழந்தைக்குப் பெயர் என்ன?

நான் சொல்லவில்லைதான். வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. நீங்கள் கேட்கிறீர்களா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். ரேணுகாம்பாள். படவேட்டு அம்மனுக்கு வேண்டிக்கொண்டு பெற்ற பிள்ளை, வீட்டில் ரேணு என்று கூப்பிடுகிறார்கள். ஆரம்பத்திலேயே கேட்டிருந்தீர்களானால் உங்களுக்கு ஒரு கும்பிடு. கேட்கவில்லையா? கூச்சப்படாமல் வளைவுக்குள் வாருங்கள். உங்களையும் சேர்த்து நூற்று ஐந்து.