தையல்காரரின் தொண்டை

காலை ஏழு பத்துக்குத் தையல்காரரின் குரல் நின்றது. பிரச்சார வண்டியில், "வாக்காளப் பெரு..." என்பதோடு சரி. தேர்தலுக்கு இரண்டு வாரம் இருந்தது.

டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்தார். "வீங்கிக் கிடக்கு. ஒரு வாரம் வாயே திறக்கக் கூடாது. மீறினா ஆபரேஷன்தான்."

"என்கூடப் பேசினதைவிட மைக்கோட பேசினதுதான் அதிகம், டாக்டர்," என்றாள் மனைவி. "முப்பது வருஷம். கட்சி ஒரு டீ வாங்கிக் கொடுத்ததில்ல. இவரும் கேட்டதில்ல."

வீட்டுக்கு வந்ததும் வாசலைப் பூட்டினாள். எதிர்க்கட்சி வண்டி தெருவில் பொய் சொல்லிக்கொண்டே போனது. அவர் கத்தரிக்கோலால் மேசையைக் குத்தினார். சாயங்காலம் மருந்துக்கடைக்காரர் ரத்த அழுத்தம் அளந்து உதட்டைப் பிதுக்கினார்.

"சரி, எழுதிக் குடுங்க. நானே படிச்சுத் தொலைக்கிறேன்," என்றாள் மனைவி.

நான்கு பக்கம் எழுதினார். அவள் வண்டியேறி மளிகைப் பட்டியல்போலப் படித்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தையல்காரர் தாங்க முடியாமல் தொண்டையைச் செருமினார்.

"மூச்! வாயத் தொறந்தீங்க, அவ்வளவுதான்!"

மைக்கை அணைக்கவில்லை. தெருவே சிரித்தது.

"என்ன சிரிப்பு?" என்றாள் தெருவிடம். "உங்க வீட்டுக் குழாயில தண்ணி வரலேன்னு கத்தித்தான் இவருக்குத் தொண்டை போச்சு. நீங்க யாராவது கத்தினீங்களா?"

பிறகு ஒருவர் கைதட்டினார்.

மறுநாள் எழுதிய தாளை அவள் எடுத்துப்போகவே இல்லை. "அக்கா, இன்னைக்கு எந்தத் தெரு?" என்று ஆட்கள் வீட்டுக்கே வந்தார்கள். கடையில் சட்டைகள் கையில்லாமல் தொங்கின. சமையல் அவர் பொறுப்பாயிற்று. சாதம் தீய்ந்தது. வாயைத் திறந்து யாரையும் குறைசொல்லவும் வழியில்லை.

எட்டாம் நாள் தனியாகப் போய் டாக்டரைப் பார்த்து வந்தார். சீட்டில் இன்னும் ஒரு வாரம் மௌனம் என்று இருந்தது.

"பாவம், மனுஷன்," என்று அவர் தலையைக் கோதிவிட்டு அவள் வண்டியேறினாள்.

கடைசிக் கூட்டத்தில் அவள் மேடையில் நாற்பது நிமிடம் பேசினாள். கையில் தாள் இல்லை. கீழே வெந்நீர்க் குடுவையோடு நின்றவருக்குக் கண் கலங்கியது. வலியாக்கும் என்று பக்கத்தில் இருந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள்.

இறங்கி வந்தாள். "நல்லாப் பேசினேனா? தலையாட்டுங்க, போதும்."

தலையாட்டினார்.

டாக்டரிடம் வேலைபார்க்கும் நர்ஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "அக்கா, பிரமாதம்!" என்றவள் அவர் பக்கம் திரும்பினாள். "ஏன் சார், தொண்டைதான் போன வாரமே சரியாயிடுச்சே. இன்னும் ஒரு வாரம் பேசக் கூடாதுன்னு டாக்டர்கிட்ட கெஞ்சி எழுதி வாங்கிட்டுப் போனீங்களே, எதுக்கு?"