புலவர் காட்டிய கல்

இத்தாலியின் பலேர்மோவில் இருந்த தமிழர்களிலேயே மலை ஏறும்போது மூச்சு வாங்காத ஒரே மனிதர் புலவர்தான். மூச்சு வாங்கினால் பேச்சு நின்றுவிடுமே. அவர் ஒரு வரிகூட எழுதியவரல்ல. வயதான பேராசிரியர் ஒருவரைப் பராமரிக்கும் வேலை. அந்தப் பேராசிரியர் சொல்லும் கவிஞர் கதைகளைக் கொண்டுவந்து எங்களிடம் கொட்டுவார். அதனால் புலவர்.

தொண்ணூறுகளில் ஞாயிற்றுக்கிழமைகளில் சைவரும் வேதக்காரரும் ஒன்றாகப் பெல்லெக்ரீனோ மலைக்கு நடப்போம். உச்சியில் சாந்தா ரொசாலியா என்ற புனிதரின் கோயில். என் மகளுக்கு மூன்று வயதாகியும் ஒரு சொல் வரவில்லை. வீட்டில் தமிழ், வெளியில் இத்தாலியன், அதுதான் குழப்பியதோ என்று எனக்கு நித்திரையில்லை. பேச்சு வரவேண்டுமென்று நேர்ந்து, ஓர் அக்டோபரில் அவளையும் கூட்டிக்கொண்டு வெறுங்காலோடு ஏறினேன். மழையில் நனைந்த பைன் ஊசிகள் காலெல்லாம் ஒட்டின.

காட்டுக்குள் புலவர் பாதையை விட்டு விலகி, ஒரு கல்லின் முன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார். பின்னால் வந்தவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. ஒருவர் திருநீறு பூசினார். வேதக்காரியான மன்னார் அக்கா முழங்காலிட்டுச் செபமாலை தொடங்கினார். செய்யாவிட்டால் குறையாகுமோ என்று பயந்து, கோயிலுக்கென்று கொண்டுவந்த என் நேர்த்தி மெழுகுதிரியை நானும் அங்கேயே ஏற்றிவிட்டேன்.

"இது எந்தப் புனிதர், அண்ணை?" என்று புலவரைக் கேட்டேன்.

"புனிதரோ? முந்தி ஒரு வெளிநாட்டுக் கவிஞர் இந்த மலைக்கு வந்தவர். இதிலை இருந்துதான் களையாறியிருப்பார் எண்டு நினைக்கிறன்."

"நினைக்கிறியளோ?"

"இருக்கத் தோதான கல் வேறை இல்லையே."

செபமாலை பாதியில் நின்றது.

"என்னட்டை இருந்தது ஒரு திரிதான், அண்ணை. பிள்ளைக்குப் பேச்சுக் கேட்டு வைச்ச நேர்த்தி."

"பேச்சைக் கவிஞரிட்டைக் கேக்காமல் ஆரிட்டைக் கேக்கிறது, தங்கச்சி?"

"உம்மடை பேச்சிலை பாதியைக் குடுத்தாலே பிள்ளைக்குக் காணும்" என்றார் மன்னார் அக்கா.

புலவர் அதை உத்தரவாகவே எடுத்துக்கொண்டார். மகளைத் தோளில் ஏற்றி, கோயில்வரை மரம் மரமாகக் காட்டிக் கதைத்துக்கொண்டே போனார். நாங்களெல்லாம் 'அம்மா சொல்லு, அப்பா சொல்லு' என்று அவளுக்குப் பரீட்சை வைத்தவர்கள். அவரோ பதிலே எதிர்பார்க்கவில்லை.

பிறகு ஞாயிறு தவறாமல் போர்கோ வெக்கியோ பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தார். எனக்கு ஒரு தலையாட்டல். கதை முழுக்க மகளுக்கு. தேத்தண்ணி ஆறிப்போகும்.

நத்தார் பண்டிகைக்குக் கிட்ட ஒருநாள், "அப்ப போட்டு வாறன்" என்று எழும்பினார். மகள் அவருடைய காற்சட்டையைப் பிடித்தாள்.

"இரு" என்றாள்.

புலவர் இருந்துவிட்டார். அது புனிதரின் வேலையோ, கவிஞரின் வேலையோ, நான் விசாரிக்கவில்லை. உலையில் அவருக்கும் சேர்த்து அரிசி போட்டேன்.